நாய் வளர்க்கும் சட்டத்தரணியை வைத்து நகைச்சுவைத் துப்பறியும் தொடர் எழுதுவது எப்படி

நீதிமன்றத்தில் வாதாடும் ஒருவர், மனிதரைவிட நாய்களிடம் அதிக நம்பிக்கை வைத்திருப்பவர், தன் கட்சிக்காரரைக் காப்பாற்றுவதற்காக விருப்பமில்லாமலே துப்பறியத் தொடங்குகிறார். இந்த அமைப்பில் ஆங்கிலத்தில் தொடர்கள் நீண்ட காலமாக வந்துகொண்டிருக்கின்றன. அவற்றைத் தழுவி எழுத வேண்டிய தேவை யாழ்ப்பாணத்து எழுத்தாளருக்கு இல்லை. எல்லை வேலியின் கதியால் ஒரு முழம் தள்ளி நடப்பட்டதற்காகத் தகப்பன் தொடங்கிய வழக்கை மகன் நடத்தி முடிக்கும் ஊர் இது. வைரவருக்கு வடைமாலை சாத்தி, அவருடைய வாகனத்தையும் கும்பிட்டுவிட்டு, வெளியே வந்ததும் வாசலில் படுத்திருக்கும் நாய்க்குக் கல்லெடுக்கும் ஊரும் இதுதான். வழக்கும் நாயும் இவ்வளவு அருகருகே வாழும் இடத்தில் கதைக்குப் பஞ்சமில்லை. சட்டம் பிழைக்காமலும் சிரிப்பு வற்றாமலும் அதை எழுதி முடிக்கும் பொறுமைக்குத்தான் பஞ்சம்.

எழுத உட்காரும் முன் ஒரு முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நாய் துப்பறியக் கூடாது. மோப்பம் பிடித்துக் கத்தியைத் தோண்டி எடுக்கும் நாயும், குற்றவாளியின் காற்சட்டையைக் கௌவிக்கொண்டு ஓடிவரும் நாயும் சிறுவர் கதைக்கு உரியவை. நாய் குரைக்கவில்லை, ஆகவே வந்தவன் வீட்டுக்குத் தெரிந்தவன் என்ற உத்தியும் நூறாண்டுக்கு மேல் கையாளப்பட்டுத் தேய்ந்துவிட்டது. இவற்றைவிட வலுவான ஓர் ஏற்பாடு நம் சட்டத்திலேயே இருக்கிறது. 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 118ஆம் பிரிவு, கேட்கப்படும் கேள்வியை விளங்கிக்கொண்டு பொருத்தமான மறுமொழி சொல்லக்கூடிய ஆட்கள் எல்லோரும் சாட்சி சொல்லத் தகுதியுடையவர்கள் என்கிறது. நாய்க்கு உண்மை தெரிந்திருக்கலாம். ஆனால் அது ஆள் அல்ல. ஆகவே ஐந்தாம் அத்தியாயத்திலேயே நாயின் நடத்தையைப் பார்த்துச் சட்டத்தரணிக்கு உண்மை பிடிபட்டுவிடட்டும். மீதி அத்தியாயங்கள் முழுவதும், தனக்குத் தெரிந்துவிட்ட அந்த உண்மையைக் காணி உறுதி, பதிவேடு, மனிதர் வாய் என்ற மூன்று வழிகளில் நீதிமன்றத்துக்குக் கொண்டுசேர்க்க அவர் படாத பாடு படட்டும். யார் செய்தது என்ற கேள்வியைவிட, தெரிந்ததை எப்படி நிறுவுவது என்ற கேள்விதான் இந்த வகைத் தொடரை ஓட்டிச் செல்லும்.

சட்டத்தரணியை உருவாக்குதல்

கொழும்பிலுள்ள பெரிய சட்டத்தரணிகளைப் போல ஒரு துறையில் மட்டும் தோன்றுபவராக அவரை ஆக்காதீர்கள். யாழ்ப்பாணம், மல்லாகம், சாவகச்சேரி, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை என்று கோடு கோடாக, அதாவது நீதிமன்றம் நீதிமன்றமாக, அலைபவராக இருக்கட்டும். காலையில் ஒருவருக்குப் பிணை, மத்தியானம் தாபரிப்பு வழக்கு, பின்னேரம் காணி உறுதி என்று எல்லாவற்றையும் பார்ப்பவராக இருக்கட்டும். உறுதிகளை எழுதிச் சான்றுபடுத்தும் பிரசித்த நொத்தாரிசாகவும் இருந்தால் நல்லது, ஏனென்றால் இங்கே மர்மங்களில் பாதி உறுதிப் பெட்டிக்குள்தான் கிடக்கிறது.

ஆணா பெண்ணா என்பது உங்கள் விருப்பம். என் தெரிவு நாற்பது வயதைத் தாண்டிய பெண் சட்டத்தரணி. ஆண் நான்கு நாய் வளர்த்தால் அதை நாய்ப் பிரியம் என்று சொல்லிவிட்டு விடும் ஊர், பெண் நான்கு நாய் வளர்த்தால் அதற்குக் காரணம் தேடத் தொடங்கும். அந்தத் தேடலே உங்களுக்கு அத்தியாயத்துக்கு ஒரு பத்தி நகைச்சுவை தரும். அவருடன் வாழும் தாயார், நாய் சாமியறைப் பக்கம் எட்டிப் பார்த்தாலே வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளிப்பவர். ஆனால் மகள் கோட்டுக்குப் போன பிறகு, மீன் தலையைச் சோற்றோடு பிசைந்து பின் கதவால் வைப்பவரும் அவரே. இதை மகள் அறிவார் என்பது தாய்க்குத் தெரியாது, வாசகருக்குத் தெரியும்.

நாய்கள் அவரிடம் எப்படி வந்து சேர்ந்தன என்பதற்குக் காரணம் வேண்டும். "சிறு வயதிலிருந்தே பிரியம்" என்று எழுதிவிட்டுப் போவது சோம்பேறித்தனம். யாழ்ப்பாணத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு காரணம் இருக்கிறது. குடும்பம் குடும்பமாக வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் வீட்டைச் சொந்தக்காரரிடமும், காணியை, தமக்குப் பதிலாக இயங்கும் அதிகாரத்தைக் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் எழுதி இன்னொருவரிடமும் ஒப்படைத்துவிட்டுப் போகிறார்கள். நாயை ஒப்படைப்பதற்குப் பத்திரம் கிடையாது. அற்றோணித் தத்துவத்தை எழுதிக் கொடுத்த சட்டத்தரணி, கட்டணத்தின் கடைசிப் பகுதியை வாங்கப் போகிறார். வீடு பூட்டியிருக்கிறது, படலையடியில் நாய் படுத்திருக்கிறது. இப்படி வந்த நாய்கள் என்றால், ஒவ்வொரு நாயும் முடிந்துபோன ஒரு வழக்கின் எச்சமாக இருக்கும், பழைய கட்சிக்காரர் ரொறன்ரோவிலிருந்து தொலைபேசியில் வழக்கைப் பற்றிக் கேட்காமல் "ஜிம்மி சுகமா?" என்று விசாரிக்கவும் இடமுண்டு.

கதையை அவருடைய வாயாலேயே சொல்லுங்கள். தன்மை ஒருமையில் சொல்லும் குரல் இல்லாவிட்டால் இந்த வகை நகைச்சுவை உயிர் பெறுவது கடினம். "இன்று வருவதாகச் சொன்ன கட்சிக்காரர் மூவரில் ஒருவரும் வரவில்லை; நாய்கள் நான்கும் நேரத்துக்கு வந்திருந்தன" என்பது போன்ற, முகம் சுளிக்காத வறண்ட குரல் அது. கதை சொல்லும் நடை எழுத்துத் தமிழாகவும், உரையாடல் ஊர்ப் பேச்சாகவும் இருக்கலாம். நீதிமன்றத்துக்குள் மட்டும் இரண்டும் மோதிக்கொள்ளும். அந்த மோதலைத் தவறவிடாதீர்கள்.

ஓர் உறுதியும் ஒரு குட்டியும்

முறையைச் சொல்வதைவிட ஒரு கதையைப் பிரித்துக் காட்டுவது பயன்படும் என்பதால், முதல் நூலுக்குப் பொருந்தும் கதையொன்றை இங்கே எடுத்துக்கொள்வோம். 

சுன்னாகத்துப் பக்கம் ஆறு பரப்புக் காணியில் தனியே வாழ்ந்த ஆச்சி ஒருவர் ஒக்டோபரில் இறக்கிறார். பிள்ளைகள் இருவரும் கனடாவில். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு, தூரத்து உறவினர் ஒருவர் ஓர் உறுதியைக் கொண்டு வருகிறார். அது அந்த ஆண்டு ஜனவரியிலேயே எழுதப்பட்ட நன்கொடை உறுதி; ஆச்சி தன் சீவிய உரித்தை, அதாவது உயிரோடு இருக்கும்வரை காணியை அனுபவிக்கும் உரிமையை, வைத்துக்கொண்டு காணியை அவருக்குக் கொடுத்ததாகச் சொல்கிறது. சீவிய உரித்து இருந்தபடியால்தான் ஆச்சி உயிரோடு இருந்த காலத்தில் ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை. உறுதி ஒழுங்காகவே இருக்கிறது. அசையா ஆதனத்தைக் கைமாற்றும் உறுதி, நொத்தாரிசு முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் ஒப்பமிடப்பட வேண்டும் என்ற 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் விதி அப்படியே நிறைவேற்றப்பட்டிருக்கிறது.

இந்த இடத்தில் தொடக்க எழுத்தாளர்கள் செய்யும் தவறு, உறுதிக்குப் பொய்யான முன்திகதி போடப்பட்டது என்று கதையைக் கொண்டுபோவது. நொத்தாரிசு தான் நிறைவேற்றும் உறுதிகளுக்குத் தொடர் இலக்கம் இடுகிறார். அவற்றின் இரண்டாம் பிரதிகளைப் பட்டியலோடு மாதந்தோறும் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். ஒக்டோபரில் எழுதிய உறுதியை ஜனவரிப் பட்டியலுக்குள் செருகுவது எளிதல்ல. உங்கள் வாசகரில் ஒருவர் சட்டத்தரணியின் கிளார்க்காக இருந்தால் நூலை அந்தப் பக்கத்தோடு மூடிவிடுவார். ஆகவே நொத்தாரிசு நேர்மையானவர், திகதியும் உண்மையானது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் ஒரு மாலை, பொழுதுபட்ட நேரத்தில், அவரை ஒரு வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போய், வேறொரு வளவில் வேறொரு கிழவிக்கு முன்னால் உட்கார வைத்திருக்கிறார்கள். அடையாள அட்டை ஆச்சியுடையது. அட்டையிலுள்ள படம் முப்பது வருடத்துக்கு முந்தியது. ஆள்மாறாட்டத்தால் காணி பறிபோவது இங்கே கேள்விப்படாத செய்தி அல்ல.

இனி நாய். அந்த ஆண்டு பெப்ரவரியில் சட்டத்தரணியின் வீட்டு நாய் குட்டி போடுகிறது. ஏப்ரலில், தனிமைக்குத் துணையாகட்டும் என்று ஒரு குட்டியை அவர் ஆச்சிக்குக் கொடுக்கிறார். வெள்ளை நிறம், ஒரு காது மடிந்தது. ஆச்சி அதற்கு றெக்ஸ் என்று பெயர் வைக்கிறார். ஒக்டோபரில் செத்தவீட்டுக்கு வந்தவர்கள் கண்ட றெக்ஸ், எட்டு மாதத்தில் ஓங்கி வளர்ந்து, பார்ப்பவருக்கு மூன்று வயது நாயாகத் தெரிகிற நாய்.

ஆச்சி இறந்த பிறகு றெக்ஸ் சட்டத்தரணியிடம் திரும்பி வருகிறது. உறவினர் வழக்கு விடயமாக அலுவலகத்துக்கு வரும்போது அது அவரை உள்ளே விடுவதில்லை. ஆச்சியைத் தினமும் வந்து பார்த்ததாகச் சொல்பவரை ஆச்சியின் நாய்க்குத் தெரியாது. சட்டத்தரணிக்கு அவ்வளவு போதும். நீதிமன்றத்துக்கு அது ஒன்றுமில்லை. ஆச்சியின் பிள்ளைகளுக்காக அவர் தோன்றும் வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் விசாரணைக்கு வருகிறது. உறுதி மறுக்கப்பட்டிருப்பதால், அதை நிரூபிக்க வேண்டியவர்கள் சாட்சிக் கையொப்பமிட்டவர்களில் ஒருவரைக் கூண்டில் ஏற்ற வேண்டும். அவர் ஆச்சியின் உண்மையான வளவுக்கு வந்தது செத்தவீட்டன்று மட்டும். வேறு வளவில் நடந்ததை ஆச்சியின் வளவில் நடந்ததாகச் சொல்ல வேண்டியவர், செத்தவீட்டன்று கண்ட வீட்டை நினைவிலிருந்து எடுத்துப் பூசி மெழுகுகிறார். குறுக்கு விசாரணை இப்படிப் போகலாம்:

"உறுதியில் கையொப்பமிட்ட நேரம் அந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள்?"

"ஆச்சி, நான், மற்றச் சாட்சிக்காரர், நொத்தாரிஸ் ஐயா. வேறை ஒருத்தரும் இல்லை அம்மா."

"ஒருவருமே இல்லையா?"

"நாய்தான் நிண்டது."

"எந்த நாய்?"

"வெள்ளை நாய் அம்மா, ஒரு காது மடிஞ்சது. எங்களை உள்ளுக்கு விடாமல் குலைச்சது. ஆச்சிதான் 'றெக்ஸ், சும்மா கிட' எண்டு அதட்டினவ."

"உங்களுக்கு நல்ல ஞாபகமா?"

"என்ன அம்மா கேக்கிறியள், இப்பவும் கண்ணுக்கை நிக்குது."

இதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கக் கூடாது. நாயைப் பற்றிக் கேட்டு நீதிமன்றத்தின் நேரத்தை வீணாக்குவதாக எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுந்து ஆட்சேபிக்கட்டும்; நீதிபதி மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்க்கட்டும்; சட்டத்தரணி "அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு உட்காரட்டும். ஜனவரியில் அந்த நாய் பிறக்கவேயில்லை என்பதை வாசகர் தாமே கணக்குப் பார்த்துக் கண்டுபிடிக்கும் அந்த நொடிக்காகத்தான் நீங்கள் இருபது அத்தியாயம் எழுதியிருக்கிறீர்கள்; அதை நீங்களே முந்திக்கொண்டு விளக்கிக் கெடுத்துவிடாதீர்கள்.

நாய் பிறந்த திகதியை எப்படி நிரூபிப்பது என்பதில்தான் இந்தக் கதையின் நுட்பமான சிக்கல் இருக்கிறது. அதை நேரில் அறிந்தவர் சட்டத்தரணி ஒருவரே. தான் முக்கிய சாட்சியாக வேண்டிய வழக்கில் தானே சட்டத்தரணியாகத் தோன்றுவது தொழில் ஒழுக்கத்துக்கு ஒவ்வாது. வாயைத் திறந்தால் வழக்கை விட வேண்டும், திறக்காவிட்டால் வழக்குத் தோற்கும். வழி, விசர் நாய்க்கடித் தடுப்பூசி அட்டை. ஏப்ரல் கடைசியில் ஆச்சி குட்டிக்கு ஊசி போடுவித்திருக்கிறார்; திகதியும், உரிமையாளர் பெயரும், குட்டியின் நிறமும், பத்து வாரம் என்ற வயதும் அட்டையில் இருக்கின்றன; ஊசி போட்ட அலுவலரைச் சாட்சிக்கு அழைக்கலாம். ஆனால் சினிமாவில் வருவது போலக் கடைசி நிமிடத்தில் அட்டையைத் தூக்கிக் காட்ட முடியாது. பயன்படுத்தப்போகும் ஆவணங்களையும் சாட்சிகளையும் விசாரணைக்கு முன்பே பட்டியலிட்டுக் கொடுப்பது குடியியல் நடவடிக்கை முறை. ஆகவே பட்டியலில், உறுதிகளுக்கும் நில அளவைப் படத்துக்கும் கீழே, "நாய்த் தடுப்பூசி அட்டை ஒன்று" என்ற வரி எல்லோரும் பார்க்கும்படி இருக்கும். எதிர்த்தரப்பு அதைப் பார்த்துச் சிரிக்கும். தடயத்தை இவ்வளவு பகிரங்கமாக ஒளித்து வைப்பதற்குச் சட்டமே உங்களுக்கு வழி செய்து தந்திருக்கிறது.

கூர்மையான வாசகர் ஒரு கேள்வி கேட்பார்: ஆச்சியிடம் முன்பும் அதே பெயரில் ஒரு வெள்ளை நாய் இருந்திருக்கக் கூடாதா? எதிர்த்தரப்பும் அதைக் கேட்க வேண்டும். அதற்கான மறுமொழியை ஆறாம் அத்தியாயத்திலேயே, யாருக்கும் உறுத்தாதபடி, ஆச்சி நாய் வேண்டாம் வேண்டாம் என்று மறுத்த ஒரு கதையாகச் சொல்லி வையுங்கள். அயல்வீட்டுக்காரி ஒருவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தால் சாட்சியும் தயார்.

சிரிப்பு எங்கிருந்து வரவேண்டும்

நாய் வழுக்கி விழுவதிலும், நீதிபதியின் மேசையில் காலைத் தூக்குவதிலும் சிரிப்பைத் தேடாதீர்கள். யாழ்ப்பாணத்தில் சிரிப்பு முறைப்பாட்டில் இருக்கிறது. கையொப்பமில்லாமல், நல்ல இலக்கணத் தமிழில், பிரதிகள் யார் யாருக்கு அனுப்பப்பட்டன என்ற நீண்ட பட்டியலோடு எழுதப்படும் மொட்டைப் பெட்டிசம் ஓர் இலக்கிய வடிவம். சட்டத்தரணியின் நாய்களைப் பற்றிப் பிரதேச சபைக்கும், சுகாதாரப் பரிசோதகருக்கும், கிராம அலுவலருக்கும் தொடர்ந்து பெட்டிசம் போய்க்கொண்டிருக்கட்டும். எழுதுபவர் யார் என்பது தொடர் முழுவதும் நீளும் சிறு மர்மமாக இருக்கட்டும். என்னைக் கேட்டால் அது தாயாராக இருப்பதே பொருத்தம்.

சட்டமும் சில இடங்களில் தானாகவே சிரிப்புக்கு இடம் தருகிறது. கடித்த நாயை 14 நாள் கட்டி வைத்து அவதானிக்கும்படி வைத்தியசாலையில் சொல்வார்கள். சந்தேகநபரை விளக்கமறியலில் வைப்பதும் பெரும்பாலும் 14 நாள் தவணைகளாகத்தான். களவெடுக்க வந்தவன் நாயிடம் கடி வாங்கிக்கொண்டு பிடிபட்டால், இருவருக்கும் ஒரே நாளில் காவல் தொடங்குகிறது. நாய் 14ஆம் நாள் விடுதலையாகிறது. அவனுக்குத் தவணை நீடிக்கிறது. நாய்க்கு நாள்தோறும் சோறு கொண்டுபோகும் சட்டத்தரணிதான் அவனுக்காகவும் தோன்றுகிறார் என்றால் இரண்டாம் நூலுக்கான கதை கிடைத்துவிட்டது.

மிருகவதையைத் தடுக்கும் 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் ஆகக் கூடிய தண்டப்பணமாக விதித்தது 100 ரூபா. நாயை அடித்து முடமாக்கியவன் நீதிமன்றத்துக்கு வந்து போன முச்சக்கரவண்டிக் கூலி அதைவிடக் கூட என்று சட்டத்தரணி குறிப்பிடலாம். அந்த வரி சிரிப்பாகத் தொடங்கி வேறொன்றாக முடியும். இந்தத் தொடருக்கு அப்படிப்பட்ட வரிகள் நூலுக்கு ஒன்றோ இரண்டோ போதும்.

சிரிக்கக் கூடாத இடங்களும் இந்த மண்ணில் உண்டு. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பத்தைக் கதைத் திருப்பத்துக்காகப் பயன்படுத்தாதீர்கள். "இறந்துவிட்டதாக நினைத்தவர் திரும்பி வந்தார்" என்ற முடிவு வேறு ஊரில் விறுவிறுப்பு, இங்கே கொடுமை. ஏழைச் சாட்சியின் பேச்சை இழுத்து இழுத்து எழுதிச் சிரிக்க வைப்பதையும் தவிர்க்கலாம். மேலே காட்டிய சாட்சிக்காரர் சிரிப்புக்கு உரியவராவது அவருடைய பேச்சால் அல்ல, தன் பொய்யை அலங்கரிக்கும் ஆசையால்.

சட்டம் பிழைக்கக் கூடாத இடங்கள்

அமெரிக்கத் தொடர்களில் பன்னிரண்டு ஜூரிகளைப் பார்த்துச் சட்டத்தரணி உருக்கமாகப் பேசுவார். இலங்கையில் ஜூரி விசாரணை என்றால் மேல் நீதிமன்றத்தில் ஏழு பேர். தீர்ப்பு ஏகமனதாகவோ, ஐந்துக்கு இரண்டுக்குக் குறையாத பெரும்பான்மையாகவோ இருக்க வேண்டும். நடைமுறையில் இப்போது பெரும்பாலான வழக்குகளை ஜூரியில்லாமல் நீதிபதியே விசாரிக்கிறார். உருக்கம் அவரிடம் எடுபடாது என்பதால், உங்கள் கதாநாயகி வாதத்தைச் சுருக்கி எழுதப் பழக வேண்டும், நீங்களுந்தான்.

பொலிஸ் நிலையத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று கதையை முடிக்காதீர்கள். சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி பொலிஸ் அலுவலரிடம் சொன்ன குற்ற ஒப்புதலை எதிரிக்கு, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு, எதிராக நிரூபிக்க முடியாது. அதே வேளை அந்த வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதோடு தொடர்புபட்ட பகுதி மட்டும் 27ஆம் பிரிவின் வழியாக உள்ளே வரலாம். இந்த இரு பிரிவுகளுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய ஒழுங்கைக்குள் ஒரு முழு நூலையே எழுதலாம்.

கொலையைத் தெரிவுசெய்வதற்கு முன் இன்னொன்றை எண்ணிப் பாருங்கள். 1976க்குப் பிறகு இலங்கையில் மரண தண்டனை நிறைவேற்றப்படவில்லை என்றாலும், கொலைக்குற்றத்துக்கு மேல் நீதிமன்றங்கள் அந்தத் தீர்ப்பை விதித்துக்கொண்டுதான் இருக்கின்றன. கூண்டில் நிற்பவருக்குத் தூக்கு என்ற நிலையில் நாய்ப் பகிடி விடுவதற்கு மிக நுணுக்கமான கை வேண்டும். கள்ள உறுதி, நகைக் களவு, கோவில் நிருவாகச் சண்டை, சீட்டுப் பிடித்தவர் தலைமறைவானது போன்றவை இந்தக் குரலுக்கு இயல்பாகப் பொருந்தும். மர்மக்கதைக்குப் பிணம் கட்டாயம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

சொற்களிலும் ஊர் மாறிவிடக் கூடாது. நீதிவான், பிணை, கட்சிக்காரர், வழக்காளி, தவணை என்று நம் நீதிமன்றங்களில் புழங்குவதையே எழுதுங்கள். திறந்த நீதிமன்றத்தில் யாரும் போய் இருந்து பார்க்கலாம். மல்லாகத்திலோ சாவகச்சேரியிலோ ஒரு காலை முழுவதும் பின்வாங்கில் இருந்தால், யார் யாரை எப்படி அழைக்கிறார்கள், எங்கே வரிசை நிற்கிறது, வழக்குக் கூப்பிட்டதும் எழுந்து ஓடுபவர் வாயிலிருந்த வெற்றிலையை என்ன செய்கிறார் என்பதெல்லாம் கிடைக்கும்.

தொடராக நீட்டுவது

வழக்குக் கதைக்கு, தொடராக வெளியிடுவதில், வேறு கதைகளுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. தவணை. ஒவ்வொரு அத்தியாயத்தையும் வழக்கு ஒத்திவைக்கப்படும் இடத்தில் நிறுத்தலாம். செயற்கையாகத் துப்பாக்கி வெடிக்கத் தேவையில்லை. அடுத்த தவணைக்கு முன் சாட்சி மனம் மாறலாம், வழக்குக் கோவை காணாமல் போகலாம், ஏப்ரல் விடுமுறை வந்து குறுக்கே நிற்கலாம்.

நூலுக்கு ஒரு சட்ட வாசல் என்று திட்டமிடுங்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை மட்டுமே பல நூல்களுக்குப் போதும். ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், தொகுத்து எழுதப்பட்டு, ஆங்கிலேயரால் 1806இல் சட்டமாக்கப்பட்ட அந்த வழமை இன்றும் நீதிமன்றங்களில் பேசப்படுகிறது. பங்குக் காணியை வெளியாளுக்கு விற்பதற்கு முன் மற்றப் பங்காளிக்கு அறிவிக்க வேண்டும் என்ற விதியை எடுத்துக்கொண்டால், அறிவித்தலைத் தபாலில் அனுப்பியதும் அதை நாய் தின்றுவிட்டதும் ஒரு கதை. தேசவழமைக்கு உட்பட்ட பெண்களைப் பற்றிய 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம், மனைவி தன் சொந்த அசையா ஆதனத்தைக் கைமாற்றுவதற்கே கணவனின் எழுத்துச் சம்மதத்தைக் கேட்டது; கணவன் எங்கே என்றே தெரியாத பெண்ணின் காணிக் கதையில் உங்கள் சட்டத்தரணியின் எள்ளல் கோபமாக மாறலாம், மாற வேண்டும். பத்து வருட ஆட்சியால் காணி உரித்தாகும் என்ற விதியும், போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து தம் காணிக்கு வர முடியாமல் போனவர்களுக்காக 2016இல் கொண்டுவரப்பட்ட விசேட ஏற்பாடுகளும் இன்னொரு நூல். சட்டங்கள் திருத்தப்படுகின்றன என்பதால், கதை நடக்கும் ஆண்டை முதலில் தீர்மானித்துக்கொண்டு, அந்த ஆண்டில் நடைமுறையில் இருந்ததையே எழுதுங்கள்.

சிறு தகராறுகளை இணக்கசபைக்கு அனுப்புங்கள். 1988ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த அந்தச் சபையில் மத்தியஸ்தர்கள் மூவர் ஒரு பாடசாலை வகுப்பறையில் சிறுவர் வாங்குகளில் உட்கார்ந்து, கோழியைத் தின்றது நாயா மரநாயா என்று விசாரிக்கும் காட்சி, பெரிய வழக்கின் இறுக்கத்தை இடையில் தளர்த்தும். ஊர்காவற்றுறை நீதிமன்றத்து வழக்கொன்றுக்காகச் சட்டத்தரணியைக் குறிகட்டுவானில் படகேற்றி நெடுந்தீவுக்கும் ஒருமுறை அனுப்பலாம். படகில் நாயை ஏற்றுவதா என்ற வாக்குவாதத்துக்கு அரை அத்தியாயம் ஒதுக்குங்கள்.

நாய்களுக்கு வயதாகும் என்பதையும் கணக்கில் எடுங்கள். ஊர் நாய் நன்றாகப் பார்த்துக்கொண்டால் பன்னிரண்டு, பதின்மூன்று வருடம் வாழும். ஆண்டுக்கு ஒரு நூல் என்று கதைக்காலமும் ஓடினால், றெக்ஸ் பத்தாம் நூலில் படியேற மறுக்கும். காலத்தை ஓட விடுவதா, ஓரிரு ஆண்டுகளுக்குள் எல்லா வழக்குகளையும் அடக்குவதா என்பதை முதல் நூலிலேயே தீர்மானித்துவிட்டால், பின்னால் திகதிகளோடு மல்லுக்கட்ட வேண்டி வராது. வில்லனைக் காட்டுவதற்காக நாய்க்கு நஞ்சு வைக்கும் காட்சி எழுதத் தோன்றும், எழுதாதீர்கள்.

கையெழுத்துப் பிரதி முடிந்ததும் இருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். ஒருவர் நீதிமன்றத்தில் நாள்தோறும் நிற்கும் சட்டத்தரணி; மற்றவர் கால்நடை வைத்தியர். முன்னவர் உறுதியின் வாசகத்தையும் தவணை நடைமுறையையும் திருத்துவார். பின்னவர், பத்து வாரக் குட்டியின் பற்களைப் பற்றி நீங்கள் எழுதியதையும் எட்டு மாதத்தில் காது எந்த நிலையில் இருக்கும் என்பதையும் பார்த்துச் சொல்வார். இருவரும் எந்தப் பக்கத்தில் சிரித்தார்கள் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சட்டத்தரணி சிரிக்காத நீதிமன்றக் காட்சியைத் திரும்ப எழுதுங்கள்.